ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் நான்கு

கேள்வி: எனக்கு வயது 47. அம்மாவுக்கு 72 வயதில் மறதி தொடங்கியது. அல்சைமர் என்று உறுதியாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெரிய மாமாவுக்கும் எழுபதுகளில் இதே நோய் வந்தது. ஆனால் அவர்களைப் பெற்ற பாட்டி 93 வயதில் இறக்கும்வரை எங்கள் எல்லோருடைய பிறந்தநாளையும் நினைவு வைத்திருந்தார். சென்ற மாதம், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பும் மரபணுப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டேன். 'ஏப்போ-ஈ: 2/4' என்று முடிவு வந்தது. இணையத்தில் தேடினால் 2 பாதுகாக்கும், 4 ஆபத்து என்று இருக்கிறது. இரண்டும் இருந்தால் ஒன்றுக்கொன்று கழிந்துவிடுமா? கொலம்பியாவில் ஒரு பெண்மணியை அல்சைமரிலிருந்து காத்த மரபணு பற்றியும் படித்தேன். அதுதான் பாட்டிக்கு இருந்ததோ? எனக்கும் வந்திருக்குமா, எப்படிக் கண்டுபிடிப்பது? என் மகளுக்கு 15 வயது. அவளுக்கும் பரிசோதனை செய்துவிடட்டுமா? தம்பியிடம் பேச்செடுத்தால், "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் அக்கா" என்கிறான்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கழித்தல் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், இரவில் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். 2-உம் 4-உம் சேர்ந்தால் பூஜ்ஜியம் ஆவதில்லை. 4-இன் கை கொஞ்சம் ஓங்கியே இருக்கும். ஆனால் "கொஞ்சம்" என்பதன் அளவு நீங்கள் பயப்படும் அளவைவிடச் சிறியது.

ஏப்போ-ஈ என்பது 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. ஒவ்வொருவரிடமும் அதன் இரண்டு பிரதிகள் இருக்கும். கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை உருவாக்குவது அதன் வேலை. மூளைக்குள் பெரும்பாலும் நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் நட்சத்திர வடிவ அணுக்கள்தாம் இந்தப் புரதத்தைத் தயாரிக்கின்றன. 299 அமினோ அமிலங்கள் கோத்த சரம் அது. அதில் 112-ஆவது இடத்திலும் 158-ஆவது இடத்திலும் என்ன மணி கோத்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஈ2, ஈ3, ஈ4 என்று பெயர். இரண்டு இடத்திலும் சிஸ்டீன் இருந்தால் ஈ2. இரண்டிலும் ஆர்ஜினைன் இருந்தால் ஈ4. முதலில் சிஸ்டீன், அடுத்து ஆர்ஜினைன் என்றால் ஈ3. உலகில் பெரும்பாலானோரிடம் இருப்பது ஈ3தான். ஈ4 அதைவிட மிகக் குறைவு, ஈ2 அதிலும் குறைவு. 299-இல் இரண்டே இடங்கள்! மருத்துவக் கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்றும் வியப்பு முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

1993-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர் ஈ4 உள்ளவர்களிடம் அல்சைமர் அதிகம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஈ2 உள்ளவர்களிடம் அது குறைவு என்பதும் தெரிந்தது. 1997-இல் பல நாட்டுத் தரவுகளை ஒன்றுசேர்த்து ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. அதில் ஐரோப்பிய வம்சாவளியினரிடம், இரண்டு ஈ3 உள்ளவருக்கு நோய் வரும் வாய்ப்பை 1 என்று வைத்துக்கொண்டால், ஒரு ஈ3, ஒரு ஈ4 உள்ளவருக்கு அது 3.2. இரண்டு ஈ4 இருந்தால் 14.9. உங்களைப் போல ஒரு ஈ2, ஒரு ஈ4 என்றால் 2.6. அதாவது உங்களுடைய 2, 4-ஐச் சற்றே பின்னால் இழுக்கிறது, நிறுத்திவிடவில்லை.

2.6 என்றதும் மனம் உடனே "எனக்கு இரண்டரை மடங்கு" என்று மொழிபெயர்த்துக்கொள்ளும். எதனுடைய இரண்டரை மடங்கு என்று கேளுங்கள். 2011-இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, மரபணுவையே பார்க்காமல் கணக்கிட்டால் 85 வயதுக்குள் அல்சைமர் வரும் வாய்ப்பு ஆண்களுக்கு 11%, பெண்களுக்கு 14%. ஒரு ஈ3, ஒரு ஈ4 உள்ள பெண்களுக்கு அது 30% அளவில் இருக்கிறது. நீங்கள் அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறீர்கள். அப்படிப்பட்ட நூறு பெண்களில் எழுபது பேர் 85 வயதைக் கடக்கும்போதும் அல்சைமர் இல்லாமல்தான் இருப்பார்கள். இந்த எண்களும் எல்லா மக்களுக்கும் அப்படியே பொருந்துபவை அல்ல. ஈ4-இன் தாக்கம் ஜப்பானியரிடம் அதிகமாகவும், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவாகவும் காணப்படுகிறது. நைஜீரியாவின் இபாடான் நகரில் யொரூபா முதியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு மிக மங்கலாகவே தெரிந்தது. ஒரே எழுத்து, ஊருக்கு ஊர் வேறு குரல்.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன். சில குடும்பங்களில் அல்சைமர் முப்பது, நாற்பது வயதிலேயே, தலைமுறை தவறாமல் வரும். பிரெசெனிலின்-1, பிரெசெனிலின்-2, ஏபிபி என்ற மூன்று மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் பிழையால் வருவது அது. மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட அந்த வகையில் சேரமாட்டார். அம்மாவுக்கு 72-இல், மாமாவுக்கு எழுபதுகளில் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தின் கதை அதுவாகத் தெரியவில்லை.

இனி பாட்டி. 93 வயதுவரை தெளிவாக இருந்த ஒருவரைப் பற்றிக் கேள்விப்படும்போது, அவரிடம் ஏதோ ஒன்று இருந்தது, அது நமக்கும் வந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. உங்கள் அறிக்கையையே வைத்துக் கொஞ்சம் துப்பறிவோம். இரண்டு எழுத்துகளில் ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றது அப்பாவிடமிருந்து. பாட்டியின் 2 உங்களுக்கு வந்திருக்கிறது என்றால் அது அம்மா வழியாகத்தான் வந்திருக்க முடியும். அப்படியானால் அம்மாவிடமும் 2 இருக்கிறது, இருந்தும் நோய் வந்துவிட்டது. அப்படியில்லை, 2 அப்பா கொடுத்தது என்றால், பாட்டிக்கும் அந்த 2-க்கும் சம்பந்தமே இல்லை, அம்மா கொடுத்தது 4. எந்தப் பக்கம் திருப்பினாலும், "பாட்டியைக் காத்தது என்னையும் காக்கும்" என்ற வாக்கியம் உங்கள் அறிக்கையிலிருந்து கிடைக்காது. பாட்டியிடம் சிறப்பான மரபணு எதுவும் இல்லாமலும் இருந்திருக்கலாம். தொண்ணூறு கடந்து தெளிவாக இருப்பவர்கள் பலரிடம் இருப்பவை சாதாரணமான இரண்டு ஈ3 மட்டுமே.

இடையில் ஒரு ஆய்வக நுணுக்கம், 2/4 என்று முடிவு வந்தவர்களுக்கு மட்டுமே உரியது. சோதனை, இரண்டு இடங்களிலும் உள்ள எழுத்துகளைத் தனித்தனியாகத்தான் படிக்கிறது. எந்த எழுத்து எந்தப் பிரதியில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் கலப்பு இருந்தால் 2/4 என்று முடிவுகட்டும். ஏட்டளவில் அது 1/3 ஆகவும் இருக்கலாம். ஆனால் ஈ1 என்ற வகை அவ்வளவு அபூர்வம் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நீங்களும் பொருட்படுத்த வேண்டாம். அறிக்கையில் அச்சாகும் எண்ணுக்குப் பின்னாலும் ஓர் அனுமானம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகச் சொன்னேன்.

கொலம்பியக் கதைக்கு வருவோம். நீங்கள் படித்த செய்தியில் பாதிதான் வந்திருக்கும், மீதியில்தான் சுவை.

அந்த நாட்டின் ஆந்தியோக்கியா மலைப்பகுதியில் சுமார் 6,000 பேர் கொண்ட ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது. அவர்களில் சுமார் 1,200 பேரிடம் பிரெசெனிலின்-1 மரபணுவில் ஒரே பிழை. அந்தப் பிழையோடு பிறந்தவர்களுக்கு ஏறத்தாழ 44 வயதில் மறதி தொடங்கும், 49-இல் முழு டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் குலைந்துபோன நிலை. பிரான்சிஸ்கோ லொபேரா என்ற நரம்பியல் மருத்துவர் 1980-களில் தொடங்கி, 2024-இல் இறக்கும்வரை, இந்தக் குடும்பத்தோடேயே வாழ்ந்து ஆராய்ந்தார். அவர் குழு கண்டுபிடித்த ஒரு பெண்மணிக்கு அதே பிழை இருந்தது, ஆனால் எழுபதைத் தாண்டும்வரை நோய் அணுகவில்லை. உறவினர்களைவிட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாமதம். 2019-இல் அவரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. மறு ஆண்டு, தன் 77-ஆம் வயதில், தோல் புற்றுநோயால் இறந்தார்.

அவருடைய ஏப்போ-ஈ 3 வகைதான். ஆனால் 136-ஆவது இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதில் செரின் இருந்தது, அதுவும் இரண்டு பிரதியிலும். இந்த மாற்றத்தை 1987-இலேயே நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர ஆய்வாளர்கள் விவரித்திருந்ததால் 'கிறைஸ்ட்சர்ச் மாற்றம்' என்று பெயர். அப்போது அதை யாரும் பாதுகாப்பு என்று நினைக்கவில்லை. இரத்தக் கொழுப்பு ஏறுவதோடு சம்பந்தப்பட்ட ஒரு கோளாறாகத்தான் பதிவானது. இந்தக் கொலம்பியப் பெண்மணிக்கும் அந்தக் கொழுப்புக் கோளாறு இருந்தது.

அவர் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தவர்களுக்குத்தான் உண்மையான அதிர்ச்சி. அல்சைமர் மூளையில் இரண்டு புரதங்கள் படியும். அணுக்களுக்கு வெளியே அமிலாய்டு, உள்ளே டாவ். வழக்கமாக முதலில் அமிலாய்டு சேரும், ஆண்டுகள் கழித்து டாவ் பரவும், டாவ் பரவிய இடத்தில் நினைவு போகும். இவர் மூளையில் அமிலாய்டு குவிந்து கிடந்தது. நோயால் விழுந்த உறவினர்களிடம் இருந்ததைவிடவும் அதிகம். டாவ் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றது. டாவ் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குத் தாவ, அணுக்களின் மேலுள்ள ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்கிறது. ஏப்போ-ஈ புரதமும் அதே சங்கிலிகளைப் பற்றும். கிறைஸ்ட்சர்ச் மாற்றம் உள்ள புரதத்துக்கு அந்தப் பிடி மிகவும் தளர்ந்துவிடுகிறது. டாவ் பரவாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது இன்று வலுவாக உள்ள விளக்கம். தீ பிடித்தும் பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் நின்றுவிட்டது போல.

நான் நோயாளிகளின் குடும்பங்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டாம் பகுதியையும் சேர்த்தே சொல்வேன். அந்தப் பெண்மணி ஒருவரை வைத்து எழுந்த நம்பிக்கை 2024-இல் அளவுகோலுக்கு வந்தது. அதே குடும்பத்தில் இந்த மாற்றத்தின் ஒரே ஒரு பிரதி உள்ள 27 பேரைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு நினைவுத் தடுமாற்றம் தொடங்கியது சராசரியாக 52 வயதில். மாற்றம் இல்லாத உறவினர்களுக்கு, இந்த ஆய்வின் கணக்கில், 47. ஐந்து ஆண்டுகள். முப்பது எங்கே, ஐந்து எங்கே! ஆனால் நாற்பதுகளில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஐந்து ஆண்டுகள் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே பெருங்குடும்பத்தில் இன்னொருவரும் இருந்தார். 67 வயதுவரை நினைவு குலையாத ஆண். 2023-இல் அவரைப் பற்றி எழுதினார்கள். அவரிடம் கிறைஸ்ட்சர்ச் மாற்றம் இல்லை. ரீலின் என்ற வேறொரு புரதத்தின் மரபணுவில் மாற்றம் இருந்தது. ரீலினும் ஏப்போ-ஈ-யும் ஒரே வாசலில் போய்த் தட்டுபவை: நரம்பணுக்களின் மேல் இரண்டும் பற்றும் ஏற்பிகள் பொதுவானவை. அங்கே ரீலின் பலமாகத் தட்டினால், டாவை முறுக்கிக் கெடுக்கும் ஒரு நொதி உள்ளே அடங்கிப்போகிறது. இவருக்கும் அமிலாய்டு ஏராளம். நினைவின் நுழைவாயிலான மூளைப் பகுதியில் மட்டும் டாவ் குறைவு. இருவருக்கும் வெவ்வேறு மரபணு, ஆனால் இருவரிடமும் தடைபட்டது டாவ்தான். ஆய்வாளர்கள் இதைக் கண்டு ஏன் துள்ளினார்கள் என்று புரிகிறதல்லவா? அதே மாற்றம் கொண்ட அவருடைய சகோதரிக்கு அந்த அளவு பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கிறைஸ்ட்சர்ச் மாற்றம் உங்களுக்கோ பாட்டிக்கோ இருந்திருக்கும் என்று எண்ணக் காரணம் எதுவும் இல்லை. அது மிக மிக அபூர்வம். எச்சில் குப்பிப் பரிசோதனைகள் பெரும்பாலும் சில்லு முறையில் நடப்பவை, முன்கூட்டியே குறித்துவைத்த இடங்களை மட்டும் பார்ப்பவை. பலரிடம் காணப்படும் எழுத்துகளை அவை நன்றாகவே படிக்கும். அபூர்வ மாற்றங்களில் தடுமாறி, இல்லாததை இருக்கிறது என்றும் சொல்லிவிடும். அந்தக் கோப்பைத் தரவிறக்கி வேறொரு இணையதளத்தில் ஏற்றி "பாதுகாப்பு மரபணு" தேடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். வருவது மகிழ்ச்சியான செய்தியானாலும் நம்ப முடியாது, கெட்ட செய்தியானாலும் நம்ப முடியாது.

இங்கே ஐஸ்லாந்தையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2012-இல் அங்கே 1,795 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்த டீகோடு நிறுவன ஆய்வாளர்கள், ஏபிபி மரபணுவில் 673-ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின் வந்தவர்களிடம் அல்சைமர் குறைவு என்று கண்டார்கள். ஏபிபி மரபணு உருவாக்கும் புரதத்தை வெட்டி அமிலாய்டு உண்டாக வழிசெய்யும் கத்தரி ஒன்று உண்டு, பீட்டா-செக்ரிடேஸ் என்ற நொதி. இந்த மாற்றம் அந்தக் கத்தரி வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வெட்டு சரியாக விழுவதில்லை. அமிலாய்டு சுமார் 40% குறைகிறது. அதே இடத்தில் வேலின் வந்தால் கதை தலைகீழ்: இரண்டு பிரதியிலும் அது இருந்தவர்களுக்கு இளவயதிலேயே நோய் வந்ததை இத்தாலிய ஆய்வாளர்கள் 2009-இல் எழுதியிருந்தார்கள்.

இயற்கையே வழிகாட்டிவிட்டது, கத்தரியை மழுங்கடித்தால் போதும் என்று மருந்து நிறுவனங்கள் நம்பின. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய பரிசோதனைகளுக்கு வந்தன. அமிலாய்டு குறைந்தது, நோய் குறையவில்லை. சிலவற்றில் மாத்திரை எடுத்தவர்களின் நினைவு, எடுக்காதவர்களைவிடச் சற்று மோசமாகவே ஆனது. 2019 முடிவதற்குள் முக்கியமான முயற்சிகள் நிறுத்தப்பட்டன. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் சில அந்த மாத்திரைகளை நம்பிக் காத்திருந்தன. ஐஸ்லாந்துக்காரருக்கு அந்த மென்மையான தடை கருவில் தொடங்கி வாழ்நாள் முழுதும் இருந்தது. மாத்திரையோ எழுபது வயதில், அமிலாய்டு ஏற்கெனவே படிந்த பிறகு, அந்த நொதியின் மற்ற வேலைகளையும் சேர்த்து ஒரேயடியாக முடக்கியது. பிறவியில் கிடைத்த பாதுகாப்பைப் பிற்காலத்தில் மருந்தாக விழுங்குவது லேசான காரியமல்ல. "பாதுகாப்பு மரபணு கண்டுபிடிப்பு, விரைவில் மருந்து" என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாத்திரைகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

அதற்காக எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. இரண்டு ஈ4 உள்ளவர்களின் மூளைத் தண்டுவட நீருக்குள் ஈ2 மரபணுவையே செலுத்திப் பார்க்கும் சிறிய ஆரம்பநிலைப் பரிசோதனை நடந்திருக்கிறது. கிறைஸ்ட்சர்ச் மாற்றத்தின் தளர்ந்த பிடியைப் போலச் செய்யும், ஆன்டிபாடி எனப்படும் ஒரு நோயெதிர்ப்புப் புரதம் எலிகளில் டாவைக் குறைத்திருக்கிறது. எலிக்கும் நமக்கும் உள்ள தூரத்தை மட்டும் மறக்காதீர்கள். மூளையின் துப்புரவு அணுக்களைச் சற்றே சுறுசுறுப்பாக்கும் பிஎல்சிஜி-2 மாற்றம், ஈ4 உள்ளவர்களுக்கு 60 முதல் 80 வயதுவரை ஓரளவு துணைநிற்கும் குளோத்தோ மரபணுவின் ஒரு வகை என்று பட்டியல் நீள்கிறது. குளோத்தோவின் நன்மை ஒரு பிரதி இருந்தால்தான், இரண்டு இருந்தால் இல்லை. இவற்றில் எதையும் தனியாகச் சோதித்துப் பார்த்து உங்கள் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள முடியாது.

உங்களிடம் இருக்கும் 2-இன் மதிப்பையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். 2020-இல், இறந்தபின் மூளையை ஆராய்ந்து உறுதிசெய்யப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவில், இரண்டு ஈ2 உள்ளவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு, இரண்டு ஈ3 உள்ளவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அவர்களில் ஒரு சிலருக்கு இரத்தக் கொழுப்பு கடுமையாக ஏறும் நோய் வரும். மூளையின் மேற்பரப்பில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பையும் ஈ2 கூட்டுகிறது. இயற்கை எதையும் இலவசமாகத் தருவதாகத் தெரியவில்லை.

பரிசோதனை செய்துகொண்டதற்காக உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. ஆனால் செய்வதற்கு முன் எழுதியிருந்தால் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். டிஎன்ஏ-வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், தன் முழு மரபணுத் தொகுதியை உலகுக்கே திறந்து வைத்தபோது, ஒரே ஒரு மரபணுவை மட்டும் மறைக்கச் சொன்னார். அது ஏப்போ-ஈ. பக்கத்து எழுத்துகளை வைத்தே அதை ஊகித்துவிடலாம் என்று பிறகு மற்றவர்கள் சுட்டிக்காட்ட, சுற்றியிருந்த பகுதியையும் சேர்த்து நீக்கவேண்டியதாயிற்று. உங்கள் தம்பி சொல்வது கோழைத்தனம் அல்ல, நல்ல துணை இருக்கிறது அவருக்கு.

தெரிந்துகொண்டவர்கள் உடைந்துபோகிறார்களா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2009-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பெற்றோருக்கு அல்சைமர் இருந்தவர்களிடம் முறையான ஆலோசனையோடு முடிவைச் சொன்னபோது, பதற்றமோ மனச்சோர்வோ நீடித்து அதிகரிக்கவில்லை. முறையான ஆலோசனையோடு என்ற சொற்களை அழுத்திப் படியுங்கள். 2014-இல் வந்த வேறோர் ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஈ4 உள்ள முதியவர்களில், தமக்கு அது இருப்பது தெரிந்தவர்கள், இருந்தும் தெரியாதவர்களைவிடத் தம் நினைவாற்றலைக் குறைவாக மதிப்பிட்டார்கள். நினைவுச் சோதனை ஒன்றிலும் குறைவாகவே மதிப்பெண் எடுத்தார்கள். மரபணு இருவருக்கும் ஒன்றுதான், தெரிந்திருப்பது மட்டுமே வித்தியாசம்! இனி நீங்கள் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடும்போது, "ஆரம்பித்துவிட்டது" என்று மனம் சொல்லும். 47 வயதில் சாவியைத் தேடாதவர் யார்?

மகளுக்கு வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெரியவர்களான பிறகு வரக்கூடிய, இப்போது தடுப்பு மருந்து எதுவும் இல்லாத நோய்க்குச் சிறுவர்களைச் சோதிக்கக் கூடாது என்பதுதான் மரபியல் ஆலோசகர்களின் பொதுவான நிலைப்பாடு. உங்களிடமிருந்து அவளுக்கு 2 அல்லது 4 இரண்டில் ஒன்று கட்டாயம் போயிருக்கிறது, இரண்டும் போயிருக்க முடியாது. எது என்று அறியும் உரிமையும் அறியாமல் இருக்கும் உரிமையும் அவளுடையவை. அவள் வளர்ந்து தானே கேட்கட்டும்.

இப்போது உங்கள் உடம்பு. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், உலகளவில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45% மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று கணக்கிட்டது. எல்லாவற்றையும் இங்கே ஒப்பிக்கப்போவதில்லை. உங்கள் வயதில் முக்கியமானவை இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, செவித்திறன். ஏப்போ-ஈ கொழுப்போடு பிறந்த மரபணு என்பதால், காலையில் வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனையை இந்த மாதமே செய்துவிடுங்கள். காது மந்தமானால் ஐம்பதிலேயே கருவி வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். மூக்குக் கண்ணாடிக்குத் தயங்காதவர்கள்கூட காதுக்கு ஏனோ தயங்குகிறார்கள். நடங்கள், மனிதர்களோடு பேசிக்கொண்டிருங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த இரண்டும்தான் முதலில் கைநழுவிப்போகும் என்பதை என் அறைக்கு வரும் மகள்களிடம் தினமும் பார்க்கிறேன். பாதுகாப்பு மரபணு என்று எதையாவது சொல்லி மாத்திரையோ பொடியோ விற்க வருபவரிடம் வாங்காதீர்கள்.

அறிக்கையை எறிந்துவிட வேண்டாம். அமிலாய்டை அகற்றும் லெகனமாப், டொனனமாப் போன்ற ஊசி மருந்துகளில், ஈ4 உள்ளவர்களுக்கு மூளையில் வீக்கமோ கசிவோ வரும் அபாயம் கூடுதல், இரண்டு பிரதி இருந்தால் இன்னும் அதிகம். அதனால் அவற்றைத் தொடங்கும் முன் மருத்துவர்கள் ஏப்போ-ஈ பார்க்கிறார்கள். என்றாவது அந்தக் கேள்வி எழுந்தால் இந்தத் தாளை நம்பிவிடாமல், மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அந்த ஊசிகள் பொருந்துமா என்பது வேறு பேச்சு. அதற்கு அவருடைய மருத்துவர்தான் அவருடைய ஏப்போ-ஈ-யைப் பார்க்க வேண்டும், உங்களுடையது உதவாது.

தம்பியைப் பற்றி ஒன்று. உங்கள் 4 அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்தது. யாரிடமிருந்து வந்திருந்தாலும் அதே 4 அவருக்கும் போயிருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எனவே நீங்கள் "எனக்கு 2/4" என்று சொல்லும் கணத்தில், அவர் கேட்க மறுத்த பதிலில் ஒரு பகுதியை அவர் காதில் போட்டுவிடுகிறீர்கள். அறிக்கையைப் பொதுவாக எல்லோரும் திறக்கும் மேசையறையில் வைக்காதீர்கள். அவராக வந்து, "அக்கா, நீ ஏதாவது பார்த்தாயா?" என்று கேட்டால், "பார்த்தேன், சொல்லவா?" என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். வேண்டாம் என்று தலையாட்டினால், இருவருமாக எழுந்து போய் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வாருங்கள்.